பல்கலைக்கழகத்தில் பெண்ணியல், பாலினக் கல்வி: சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கக்கல்லூரியையோ பலதுறைத் தொழிற்கல்லூரியையோ முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பது என்று யோசிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இந்தத் துறையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன. பாடங்களின் பெயர்களும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால், அவற்றைவிடத் துறையின் இயல்பைப் பற்றியே அதிகம் எழுதப்பட்டிருக்கிறது.

பாலினக் கல்வியில் உண்மையில் எதைப் படிக்கிறார்கள்?

யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு சம்பளம், வீடு யார் பெயரில் இருக்க வேண்டும், இறந்தவருக்கு யார் கொள்ளி வைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒருவர் ஆணா பெண்ணா என்பதை வைத்தே ஒவ்வொரு சமுதாயமும் வகுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்பாடுகள் காலத்துக்குக் காலமும் இடத்துக்கு இடமும் மாறியிருக்கின்றன என்பதால், அவை எப்படி உருவாயின, அவற்றைக் கட்டிக்காப்பவர் யார், அவற்றால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று சான்றுகளைக் கொண்டு ஆராய முடிகிறது. அந்த ஆராய்ச்சிதான் பாடம்.

நம் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மனிதவள அமைச்சின் விதிப்படி, இல்லப் பணிப்பெண்ணாக வேலை அனுமதிச்சீட்டுப் பெறுபவர் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். விண்ணப்பிக்கும்போது வயது 23 முதல் 50க்குள் இருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும், அதில் கருவுற்றிருக்கிறாரா என்ற சோதனையும் அடங்கும். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வரும் ஆடவருக்கும் அதே வகை அனுமதிச்சீட்டுதான். அவர் மனைவி மக்களை உடன் அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. படித்துப் பார்த்தால் இவை வெறும் நிர்வாக விதிகளாகத்தான் தெரியும். ஆனால் ஒரே விதித்தொகுப்பு ஒரு பெண்ணை மற்றவர் குடும்பத்தின் சமையலறைக்குள்ளும், ஓர் ஆணைக் குடும்பமே இல்லாத தங்குவிடுதிக்குள்ளும் கொண்டுபோய் வைக்கிறது என்பதைக் கவனித்த பிறகு, அடுத்தடுத்துக் கேள்விகள் எழுகின்றன. வீட்டு வேலை ஏன் பெண்ணின் வேலையாகவே எழுதப்பட்டது? பணிப்பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டு அலுவலகம் செல்லும் சிங்கப்பூர்ப் பெண்ணின் முன்னேற்றத்தையும், ஊரில் தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்த அந்தப் பணிப்பெண்ணின் வாழ்க்கையையும் ஒரே கணக்கில் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? இத்தகைய கேள்விகளை வைத்துக்கொண்டுதான் ஒரு பருவம் முழுவதும் வகுப்பு நடக்கும்.

சிங்கப்பூரில் இதை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற முடியுமா?

இளங்கலை நிலையில் இங்கு இது பெரும்பாலும் துணைப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலை, சமூக அறிவியல் புலத்தின் வழியாகப் பாலினக் கல்வியைத் துணைப்பாடமாக வழங்கி வந்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாலினமும் பன்மையும் என்ற துணைப்பாடம் உண்டு. சமூகவியல், வரலாறு, இலக்கியம், புவியியல், தகவல்தொடர்பு, சட்டம் ஆகிய துறைகளிலும் பாலினத்தை மையமாகக் கொண்ட தனிப் பாடங்கள் அவ்வப்போது நடத்தப்படுகின்றன.

ஆகவே, சமூகவியலையோ வரலாற்றையோ முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு, துணைப்பாடமாக இதைச் சேர்த்து, இறுதியாண்டு ஆய்வேட்டைப் பாலினம் சார்ந்த தலைப்பில் எழுதுவது இங்குள்ள மாணவர்கள் பலர் பின்பற்றும் வழி. இது ஒரு குறை என்று நான் கருதவில்லை. மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கவோ, பழைய ஆவணத்தை மதிப்பிடவோ, ஒரு தீர்ப்பைப் பிரித்துப் பார்க்கவோ ஏதேனும் ஒரு துறையில் முறையான பயிற்சி இருந்தால்தான் பாலினம் பற்றிய வாதமும் வலுவாக நிற்கும்.

வெளிநாட்டுக்குச் செல்லும் எண்ணம் இருந்தால், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாலினக் கல்விக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. லண்டன் பொருளியல் பள்ளியில் தனித் துறையே உண்டு. தமிழ்நாட்டில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

இந்தத் துறை எப்போது தோன்றியது?

அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெண்ணியல் பாடத்திட்டத்தைத்தான் வழக்கமாக முதலாவதாகக் குறிப்பிடுவார்கள். இந்தியாவில் 1974ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன: பெண்களின் நிலையை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கை வெளிவந்தது, அதே ஆண்டில் பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வு மையம் தொடங்கியது. விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பெண்களின் வேலைவாய்ப்பு, உடல்நலம், ஆண் பெண் விகிதம் ஆகியவற்றில் சரிவே தெரிகிறது என்று எண்களோடு காட்டிய அந்த அறிக்கை இல்லாமல் இந்தியப் பெண்ணியலின் வரலாற்றைப் பேச முடியாது.

சிங்கப்பூரில் இதை ஒரு தனித் துறை என்பதைவிடச் சமூகவியலாளர்களின் ஆய்வுகள் வழியாக வளர்ந்த ஒன்று என்பதே பொருத்தம். அவர்களுள் ஒருவரான ஏலின் வோங் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று பெண்களுள் ஒருவர். அந்தத் தேர்தலுக்கு முந்திய பதினான்கு ஆண்டுகளாக நாடாளுமன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர்கூட இருந்ததில்லை. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐந்து பெண்கள் வென்ற நாட்டில் அந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதே ஒரு நல்ல கட்டுரைத் தலைப்பு.

மாதர் சாசனம் ஏன் எல்லாப் பாடங்களிலும் தலைகாட்டுகிறது?

சிங்கப்பூரில் குடும்பம் என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ, அதன் சட்ட வடிவம் பெரும்பாலும் அந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது. 1961ஆம் ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, வழக்கப்படி நடந்த சீனர் திருமணங்களிலும் இந்துத் திருமணங்களிலும் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. முஸ்லிம் அல்லாதோர் அனைவருக்கும் ஒரு நேரத்தில் ஒரே வாழ்க்கைத்துணை என்ற விதியையும், திருமணத்துக்குப் பிறகும் மனைவி தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் தொழில் செய்யவும் உள்ள உரிமையையும் இந்தச் சட்டம் உறுதி செய்தது. முஸ்லிம்களின் திருமணத்தை 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் தனியாகக் கையாள்கிறது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் பல ஆண்டுகள் நடத்திய இயக்கம் இருந்தது. பம்பாயில் பிறந்து 1950ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த ஷிரின் ஃபோஸ்டார், 1952இல் செயல்படத் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் முன்னணியில் நின்று பலதார மணத்துக்கு எதிராக ஓயாமல் எழுதினார், பேசினார், மனு அளித்தார். பெண்களும் திரளாக வாக்களிக்கவிருந்த 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி ஒருவனுக்கு ஒருத்தி என்ற கொள்கையைத் தன் வாக்குறுதியாக ஏற்றுக்கொண்டது. அக்கட்சியின் சான் சோய் சியோங் சட்டமன்றத்தில் அதற்காக வாதாடினார். இயக்கம் தந்த அழுத்தமா, கட்சியின் தேர்தல் கணக்கா, இரண்டில் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாணவர்கள் இரண்டு பக்கத்துச் சான்றுகளையும் எடை போட்டுத் தம் முடிவை எழுத வேண்டும்.

சட்டம் அதோடு உறைந்துவிடவில்லை. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பை விரிவாக்கியது. உழைக்க இயலாத நிலையிலுள்ள முன்னாள் கணவருக்கும் ஜீவனாம்சம் கோரும் வழியை 2016ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்துவிட்டது. யார்மீதும் குற்றம் சுமத்தாமல் இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குப் பெறும் முறை 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. மாதர் சாசனத்துக்கு வெளியே, தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு இருந்த பாலியல் வல்லுறவு விலக்கு 2020ஆம் ஆண்டு முதல் நாளன்று நீங்கியது. அறுபது ஆண்டுகளின் திருத்தங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், மனைவி, கணவன் என்ற இரு சொற்களுக்குள் அரசு எதையெல்லாம் எதிர்பார்த்தது என்பது படிப்படியாக மாறி வந்திருப்பது தெரியும்.

தமிழ் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இத்துறையில் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். சிங்கப்பூர்ப் பெண்களின் வரலாறாக வகுப்பில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில ஆவணங்களை வைத்து எழுதப்பட்டவை. சீனாவிலிருந்து வந்து, சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டுமானத் தளங்களில் உழைத்த சம்சூய் பெண்களையும், வீடுகளில் பணிப்பெண்களாக இருந்த ஆமாக்களையும் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. தமிழ்ப் பெண்களைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. உங்களோடு டியூட்டோரியலில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் எட்ட முடியாத ஒரு சேமிப்பு, இரண்டாம் மொழியாக நீங்கள் படித்த தமிழால் உங்களுக்குத் திறந்திருக்கிறது. தேர்வோடு தமிழை மூட்டைகட்டி வைத்துவிடும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

முதலில் நாளிதழ். தமிழ் முரசு 1935ஆம் ஆண்டு கோ. சாரங்கபாணியால் தொடங்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மேற்கொண்ட பயணமும், சடங்கில்லாத திருமணம், விதவை மறுமணம், பெண் கல்வி ஆகியவற்றை இங்குள்ள தமிழர்களின் பேச்சுக்குள் கொண்டுவந்திருந்தன. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் பார்க்கலாம். பார்க்கும்போது தலையங்கத்தோடு நின்றுவிடாதீர்கள். திருமண அறிவிப்புகளை எடுத்து, மணமகளின் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது, அவளுடைய படிப்பு குறிப்பிடப்படுகிறதா, அழைப்பவர்களில் தாயின் பெயர் இருக்கிறதா, அல்லது தந்தையின் பெயரை ஒட்டித் திருமதி என்று மட்டும் வருகிறதா என்று பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரங்கல் அறிவிப்புகளில் மகள்களும் மருமகள்களும் எந்த வரிசையில் வருகிறார்கள் என்பதும் அப்படித்தான். சீர்திருத்தம் பேசிய அதே தாளில் வெளியான விளம்பரங்கள் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டன என்று கேட்டால், தலையங்கத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள தூரம் பிடிபடும்.

இரண்டாவது, நேதாஜியின் ஜான்சி ராணிப் படை. சுபாஷ் சந்திர போஸ் 1943ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் அறிவித்த அந்தப் பெண்கள் படைக்கு, அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். படையினரில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். ஆங்கிலம் படித்த அதிகாரிகள் நினைவுக்குறிப்புகளும் பேட்டிகளும் விட்டுச் சென்றார்கள். பால்மரம் சீவிய கையோடு துப்பாக்கி பிடித்தவர்களின் சொற்கள் மிகக் குறைவாகவே எழுத்தில் ஏறின. யாருடைய நினைவு ஆவணமாகிறது, யாருடையது ஆகாமல் போகிறது என்பதைக் கோட்பாடாகப் படிப்பதைவிட இந்த ஒரு படையை வைத்துப் படிப்பது எளிது.

மூன்றாவது, வாய்மொழி வரலாறு. 1979ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஒலிப்பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழில் பேசப்பட்டவையும் அவற்றில் அடங்கும். எழுத்துப் படியை மட்டும் படிக்காமல் ஒலியைக் கேளுங்கள். பேட்டி எடுப்பவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார், பேசுபவர் எந்தக் கேள்விக்குச் சிரித்துச் சமாளிக்கிறார் என்பது படியில் இருக்காது. இவற்றோடு, 1965 முதல் 2015 வரை இங்கு வெளியான தமிழிலக்கிய நூல்களின் மின்னாக்கத் தொகுப்பும் நூலக வாரியத்திடம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக் கதைகளில் வேலைக்குப் போகும் பெண் எப்போது தோன்றுகிறாள், முடிவில் அவளுக்கு என்ன நேர்கிறது என்று மட்டும் பார்த்தாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான செய்தி கிடைக்கும்.

கட்டுரைகளைத் தமிழில் எழுதலாமா?

பாலினக் கல்விப் பாடங்களின் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும். தமிழ்ச் சான்றுகளை மொழிபெயர்த்து மேற்கோளாகத் தரலாம். மூலத்தைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுவது நல்லது. தமிழிலேயே எழுத விரும்புவோர் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பில் இலக்கியத்தின் வழியாக இதே கேள்விகளை எழுப்பலாம்.

சம்பள இடைவெளி போன்ற புள்ளிவிவரங்களை இத்துறை எப்படிக் கையாள்கிறது?

மனிதவள அமைச்சு 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல பயிற்சி. 2018ஆம் ஆண்டில், முழுநேரம் வேலை செய்யும் 25 முதல் 54 வயது வரையிலான குடியிருப்பாளர்களில், பெண்களின் இடைநிலை வருமானம் (எல்லாரையும் வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் வருமானம்) ஆண்களுடையதைவிட 16.3 விழுக்காடு குறைவாக இருந்தது. வயது, கல்வி, தொழில், துறை, வேலை நேரம் ஆகியவற்றைச் சமப்படுத்திக் கணக்கிட்டபோது அது 6 விழுக்காடாகச் சுருங்கியது. ஒருவர் முதல் எண்ணைக் காட்டி அநீதி என்பார். மற்றவர் இரண்டாவதைக் காட்டிப் பிரச்சினையே இல்லை என்பார். இரண்டு பேருமே எண்ணைப் படிக்கவில்லை.

தொழிலைச் சமப்படுத்துவது என்றால் என்ன பொருள்? ஒரே தொழிலில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒப்பிடுவது. பெண்கள் ஏன் சம்பளம் குறைந்த தொழில்களில் அதிகமாக இருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்தக் கணக்கு விடையளிக்காமல் ஒதுக்கி வைத்துவிடுகிறது. முழுநேரம் வேலை செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டதால், பிள்ளை பிறந்தபின் பகுதிநேரத்துக்கு மாறிய பெண்ணும், மாமியாரின் டயாலிசிஸுக்காக வேலையை விட்ட பெண்ணும் இரண்டு எண்களிலும் இல்லை. மறுபுறம், மீதமுள்ள 6 விழுக்காடு முழுவதையும் முதலாளிகளின் பாகுபாடு என்று சொல்லிவிடவும் முடியாது. தொடர்ந்து எத்தனை ஆண்டு அனுபவம் என்பது போன்ற, கணக்கில் சேராத காரணங்களும் அதற்குள் இருக்கலாம். இப்படி ஓர் எண்ணுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டுப் பழகுவது இத்துறை தரும் பயிற்சிகளில் மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து.

இது ஒரு பக்கச் சார்பான பாடம் என்கிறார்களே? ஆசிரியரின் கருத்தை மறுத்தால் மதிப்பெண் குறையுமா?

குறையக் கூடாது. சான்றில்லாமல் மறுத்தால் குறையும். சான்றில்லாமல் ஆமோதித்தாலும் குறையும். அரசியல் சார்ந்த செய்திகள் பாடத்தில் வருவது உண்மைதான், ஏனென்றால் இந்நாட்டின் அரசே பாலினத்தைப் பற்றி வெளிப்படையாகப் பலமுறை முடிவெடுத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கான இடங்கள் மூன்றில் ஒரு பங்காக வரையறுக்கப்பட்டிருந்தன. பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காகத் தொழிலை விட்டுவிடுவார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வரம்பு 2003ஆம் ஆண்டு வரை நீடித்தது. 1983ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் இயூ, பட்டதாரிப் பெண்கள் போதிய அளவில் மணம் முடித்துப் பிள்ளை பெறுவதில்லை என்று கவலை தெரிவித்தார். மறு ஆண்டு வந்த, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தந்த பட்டதாரித் தாய்மார் திட்டம், பெருகிய எதிர்ப்புக்குப் பின் 1985இல் கைவிடப்பட்டது. அந்த விவாதத்தின் சூட்டில்தான் அவேர் என்ற பெண்கள் அமைப்பு 1985ஆம் ஆண்டு உருவானது. இந்த வரலாற்றைப் படிப்பவர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்ட இன்றைய நிலையில், அன்றைய கவலையையும் அன்று கையாண்ட வழியையும் பிரித்து மதிப்பிடுவது எளிய வேலையும் அல்ல.

சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு வகுப்பு சங்கடமாக இருக்குமா?

சில வாரங்களில் இருக்கலாம். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் நீக்கியது. கூடவே, திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்ய வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசும் வகுப்பில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் செல்பவர்களும், எங்கும் செல்லாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் நம்பிக்கையை விட்டுவிடும்படி யாரும் கேட்கப்போவதில்லை. அதை மட்டுமே வாதமாக வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்பதுதான் விதி.

ஆண்கள் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள், இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும். தேசிய சேவை இளைஞர்களின் உடலையும் பேச்சையும் நட்பையும் எப்படி மாற்றுகிறது என்பதை இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள்தாம். அரசாங்கச் சம்பளத்துடன் கூடிய தந்தையர் விடுப்பு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கட்டாயமாக நான்கு வாரமாகியிருக்கிறது; அதை முழுவதும் எடுக்கத் தயங்கும் தந்தையிடம் அந்தத் தயக்கத்துக்கான காரணத்தைக் கேட்டு எழுத ஓர் ஆண் மாணவருக்கு வாய்ப்பு அதிகம்.

என் பாட்டியையோ அம்மாவையோ பேட்டி கண்டு ஆய்வு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பலர் நினைப்பதைவிட அது கடினம். மனிதரிடம் தகவல் திரட்டும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை விதிகள் பொருந்தும். மேற்பார்வையாளரிடம் கேட்காமல் ஒலிப்பதிவைத் தொடங்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கல் இடம். மூவறை வீவக வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுப் பாட்டியிடம் கேள்வி கேட்கிறீர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து மாமா, “அவங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது, நான் சொல்றேன்” என்று பதிலை எடுத்துக்கொள்கிறார். பாட்டியும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். அனுபவமுள்ள ஆய்வாளர் அந்தக் குறுக்கீட்டையும் ஒரு தரவாகக் குறித்துக்கொள்வார். பிறகு, பாட்டி கீரை ஆயும்போதோ, கீழ்த்தளத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருக்கும்போதோ மீண்டும் பேச்சுக் கொடுப்பார். கணவர் வேலை செய்த இடத்தைக் கேட்டால் உடனே சொல்லும் பாட்டி, தாம் செய்த வேலையைக் கேட்டால் “நான் என்ன வேலை செஞ்சேன், வீட்லதான் இருந்தேன்” என்பார். அதே பாட்டி முறுக்குச் சுட்டு விற்றதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொண்டதும், சீட்டுப் பிடித்ததும் மூன்றாவது பேச்சில்தான் வெளிவரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் இல்லத்தரசி என்றே பதிவாகியிருப்பார்.

குடும்பத்தின் உள்விவகாரம் வெளியே போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெயரை மாற்றினாலும், உறவினர் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சங்கடமான தலைப்பென்றால் வேறு குடும்பங்களில் பேட்டி எடுப்பதே நல்லது.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

துணைப்பாடம் ஒன்றே யாருக்கும் வேலை வாங்கித் தராது. பெற்றோரிடம் அதை மறைக்க வேண்டியதில்லை. வேலைக்கு உங்களை எடுப்பது முதன்மைப் பாடத்தையும், உள்ளகப் பயிற்சியையும், எழுத்துத் திறனையும் வைத்துத்தான். ஆனால் சமூக சேவை, குடும்ப நீதிமன்றம் சார்ந்த பணிகள், பொதுச் சேவை, செய்தித்துறை, சுகாதாரத்துறை, மனிதவள மேலாண்மை ஆகியவற்றில் இந்தப் பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பாலினம், மணநிலை, கருவுற்றிருத்தல், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் விதிகளைக் கொண்டது. ஒரு நிறுவனத்தின் பதவி உயர்வு முறையைப் பார்த்து அதில் எங்கே சாய்வு இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இனித் தேவை இருக்கும்.

வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடத்தை விருப்பப்பாடமாக எடுத்துப் படியுங்கள். படிக்க வேண்டியவற்றின் பட்டியலை அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். மாதர் சாசனத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் படிப்பதாகத் தெரிந்த பிறகு எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். சில வீடுகளில் அம்மாவே புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் உண்டு.

பதிவு செய்யுமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய துணைப்பாட விதிகளைப் பாருங்கள்; மூத்த மாணவர் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதியாக இருக்கும். முதன்மைப் பாடத்துக்கும் துணைப்பாடத்துக்கும் ஒரே பாடத்தைப் பொதுவாகக் கணக்கிட எந்த அளவுக்கு அனுமதி உண்டு என்று கேளுங்கள். தொடக்கக்கல்லூரியில் குறிப்பிட்ட ஒரு பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்களும் தயங்க வேண்டியதில்லை. சில பாடங்கள் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டுமே நடக்கும். பொறுப்பாசிரியர் ஆய்வு விடுப்பில் சென்றால் அந்த ஆண்டு நடக்காமலே போகும். ஆகவே, கட்டாயப் பாடத்தை இறுதியாண்டுக்கென்று ஒதுக்கி வைக்காமல், இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.